சீறல் எந்தத் துளையில்? பெயின்ட்பால் காற்று டேங்க் பற்றி வாசகர்கள் கேட்டவை

பெயின்ட்பால் மார்க்கரைப் பராமரிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, காற்று டேங்கைப் பற்றி இரண்டே வரிகளோடு நிறுத்திக்கொண்டேன். அது போதவில்லை என்பதை வந்து சேர்ந்த கடிதங்கள் உணர்த்தின. ஏறக்குறைய எல்லாக் கடிதங்களும் கசிவைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். விளையாட்டுக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை: வண்ணக் குண்டுகளை எய்யும் கருவியை விளையாடுவோர் மார்க்கர் என்பார்கள், அதில் திருகி மாட்டப்படும் அழுத்தக்காற்றுப் புட்டி டேங்க், புட்டியின் கழுத்தில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருக்கும் 3000 அல்லது 4500 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) அழுத்தத்தை 800 சொச்சத்துக்கு இறக்கி வெளியே விடும் சிறு உலோகக் கட்டைதான் ரெகுலேட்டர்.

ஐயா, பதினாறு வயது மகனுக்காக ஒருவர் பாவித்த 68 கன அங்குல, 4500 பி.எஸ்.ஐ. டேங்க் ஒன்றை வாங்கினேன். திடலில் காற்று நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் மெல்லிய சீறல் கேட்கிறது. காலையில் பார்த்தால் முள் பூஜ்யத்தில் நிற்கிறது. ரெகுலேட்டரைக் கழற்றி உள்ளே இருக்கும் வாஷர்களை மாற்றினால் போதும் என்கிறான் மகன். ஸ்பேனரைக் கையில் எடுக்கலாமா?
— வாசகர், ஸ்காபரோ, கனடா

எடுக்க வேண்டாம், இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை. கசிகிற ரெகுலேட்டர் எந்த இடத்தில் கசிகிறது என்று தெரிந்தால், உள்ளே எந்த உறுப்பு பழுதாகியிருக்கிறது என்பதைப் பெரும்பாலும் கழற்றாமலேயே சொல்லிவிடலாம். இடம் தெரியாமல் கழற்றுபவர் நல்ல வாஷர்களை எடுத்துவிட்டுப் புதிய வாஷர்களைப் போட்டு, பழைய கசிவோடு மறுபடியும் பூட்டி வைப்பார்.

ஒரு கிண்ணம் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் விட்டு, நுரைக்காமல் மெதுவாகக் கலக்குங்கள். டேங்கில் முழு அழுத்தம் வேண்டியதில்லை, 1000 பி.எஸ்.ஐ. அளவுக்கு இருந்தால் போதும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு சிறு தூரிகையால் ரெகுலேட்டரின் ஒவ்வொரு பகுதியிலும் அந்தத் தண்ணீரைத் தொட்டு வைத்து, ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பெரிய கசிவு உடனே குமிழ் ஊதிக் காட்டும். சிறிய கசிவோ கடுகளவு வெண்ணுரையாக ஓரிடத்தில் மெல்லத் திரளும், அவசரப்பட்டால் கண்ணில் படாது.

மார்க்கருக்குள் போகும் மேல் முனையின் நடுவில் ஒரு சிறு ஊசி தெரியும்; அதைச் சுற்றிக் குமிழ் வந்தால், ‘பின்’ (pin) வால்வு எனப்படும் அந்த ஊசி வால்வு அழுக்காகியோ தேய்ந்தோ இருக்கிறது. பக்கவாட்டில் காற்று நிரப்பும் நிப்பிளின் வாயில் குமிழ் வந்தால், அதற்குள் இருக்கும் ஒருவழி வால்வில் மணல் துகளோ நூலோ சிக்கியிருக்கும். இந்த இரண்டும்தான் அடிக்கடி நடப்பவை, இரண்டும் எளிதில் தீருபவை. நிப்பிளைத் துடைத்துவிட்டுத் திடலில் இன்னொரு முறை காற்று ஏற்றினாலே, வேகமாகப் பாயும் காற்று பல நேரங்களில் தூசியை அடித்துக்கொண்டு போய்விடும். அப்படியும் நிற்காவிட்டால், டேங்கைக் காலி செய்தபின் நிப்பிளையே மாற்றிவிடலாம். அழுத்தம் காட்டும் கேஜின் அடியில் குமிழ் வந்தால் மரையில் கசிவு. கேஜின் கண்ணாடி ஓரத்திலிருந்து வந்தால் உள்ளே இருக்கும் வளைகுழாய் விரிசல் விட்டிருக்கிறது, அந்தக் கேஜைத் தூக்கி எறிய வேண்டியதுதான். இவை எதுவுமில்லாமல், ரெகுலேட்டரின் உடலில் மரையோ மூடியோ இல்லாமல் வெறுமனே துளைத்துவிட்டதுபோல் இருக்கும் ஊசிமுனைத் துளையிலிருந்து குமிழ் வந்தால், அடுத்த பதிலைப் படியுங்கள்.

மிச்சம் இருப்பது ஓரிடம்: ரெகுலேட்டர் புட்டியின் கழுத்தைச் சந்திக்கும் வளையம். அங்கே நுரை கட்டினால் டேங்கைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்து, காற்று தானாக இறங்கும்வரை விட்டுவிட்டு, சிலிண்டர் பழுதுபார்க்கும் தொழில்முறைக் கடைக்குக் கொண்டுபோங்கள். உங்கள் டேங்கின் கொள்ளளவு ஏறத்தாழ 1.1 லிட்டர்தான், ஆனால் 4500 பி.எஸ்.ஐ.யில் அதற்குள் அடைந்திருப்பது, வெளியே விட்டால் 300 லிட்டருக்கும் மேல் இடத்தைப் பிடிக்கும் காற்று. கார் டயரில் நீங்கள் ஏற்றுவது 32 அல்லது 35 பி.எஸ்.ஐ. என்பதை நினைத்துப் பார்த்தால் கணக்கு புரியும். கழுத்து மரை கழன்றால் புட்டி ராக்கெட்டாகப் பாயும். இந்த விளையாட்டில் கரியமிலவாயுப் புட்டிகளின் வால்வு இப்படிக் கழன்று இரண்டு பேர் இறந்ததைக் குறிப்பிட்டு, அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2004இல் எச்சரிக்கை விடுத்தது. மார்க்கரிலிருந்து புட்டியைத் திருகிக் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு புட்டியை அதன் வால்விலிருந்தே திருகிக் கழற்றுவதுதான் ஆபத்தின் வடிவம்.

இதற்கு மிக மலிவான காவல் ஒன்று இருக்கிறது. நகச்சாயத்தால் புட்டியின் கழுத்திலிருந்து ரெகுலேட்டரின் உடல்வரை ஒரு கோடு இழுத்து உலரவிடுங்கள். எப்போதாவது அந்தக் கோடு இரண்டாக விலகி நின்றால் அன்றைக்கு விளையாட்டு இல்லை என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

எனது டேங்கில் நீங்கள் சொல்லும் அந்த ஊசிமுனைத் துளையிலிருந்துதான் காற்று வருகிறது. ஒரு துளி எப்பாக்ஸி பசை வைத்து அடைத்துவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. தயாரிப்பில் விட்ட குறையோ அது?
— வாசகர், மிசிசாகா, கனடா

அடைத்துவிடாதீர்கள். அது வேண்டுமென்றே விடப்பட்ட மூச்சுத்துளை. ரெகுலேட்டர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொன்னால் அதன் அவசியம் விளங்கும்.

உள்ளே ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் தலை அகலம், தண்டு ஒல்லி, நடுவே நெடுகத் துளை. தலைக்குக் கீழே ஸ்பிரிங் அல்லது கிண்ணம்போல் வளைந்த எஃகு வாஷர்களின் அடுக்கு அமர்ந்து பிஸ்டனை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் மேலே நிற்கும்போது தண்டின் அடிநுனியில் இருக்கும் சீட் என்னும் அடைப்பு, புட்டியிலிருந்து வரும் மிகச் சிறிய வாயை விட்டு விலகி நிற்பதால் காற்று உள்ளே நுழைந்து, தண்டின் துளை வழியாக ஏறி, தலைக்கு மேலே உள்ள அறையை நிரப்பும். அங்கே 800 அல்லது 850 பி.எஸ்.ஐ. சேர்ந்ததும் அந்த அழுத்தம் ஸ்பிரிங்கை வென்று பிஸ்டனைக் கீழே அழுத்தும்; சீட் வாயை மூடிவிடும். நீங்கள் ஒரு குண்டு சுட்டதும் மேலறையில் அழுத்தம் குறையும், பிஸ்டன் எழும்பும், மறுபடியும் காற்று வரும். விசையை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் இந்த ஏற்ற இறக்கம் நடக்கிறது.

இதில் ஸ்பிரிங் இருக்கும் நடு அறை வெளிக்காற்றின் அழுத்தத்திலேயே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் இறங்க முடியாது, வெளிவரும் அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். அந்த அறை மூச்சுவிடும் வழிதான் உங்கள் துளை. அதை அடைப்பது, வீட்டில் புகை வருகிறது என்று புகைபோக்கியை அடைப்பதற்குச் சமம்.

துளையில் காற்று வருகிறது என்றால் நடு அறைக்குள் காற்று நுழைந்திருக்கிறது. நுழைவதற்கு வழிகள் இரண்டே. ஒன்று, பிஸ்டன் தலையைச் சுற்றியிருக்கும் பெரிய ஓ-ரிங், அதாவது பலர் வாஷர் என்று சொல்லும் மீள்தன்மையுள்ள வளையம். மற்றது, தண்டைச் சுற்றியிருக்கும் சிறிய ஓ-ரிங். பெரும்பாலும் சிறியதுதான் குற்றவாளி. நான் பார்த்தவரை, குளிரில் விறைத்துப்போவதும் உள்ளே வந்த தூசியில் வெட்டுப்படுவதும் அதுவே. இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், விலை அற்பம். டேங்க் முழுவதும் காலியானபின் மேல்மூடியைத் திருகிக் கழற்ற வேண்டும். கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்கிறது என்பது மட்டும் சாட்சியாகாது, அந்தச் சிறு கேஜ்கள் பொய் சொல்வதுண்டு. மார்க்கரில் மாட்டிச் சுட்டுச்சுட்டுப் பார்த்து, ஒரு மூச்சும் வரவில்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மேல்மூடி கையால் அசையாவிட்டால் பெரிய ஸ்பேனரைத் தேடாமல் நிறுத்திக்கொள்ளுங்கள்; நீங்கள் மூடியைத் திருப்புவதாக எண்ணும்போது, முழு ரெகுலேட்டருமே கழுத்திலிருந்து திரும்பிக்கொண்டிருக்கக்கூடும். முந்தைய பதிலில் சொன்ன நகச்சாயக் கோடு இங்கேயும் காட்டிக்கொடுக்கும்.

பிஸ்டனை வெளியே எடுத்ததும் ஓ-ரிங் பள்ளத்தையும், பிஸ்டன் உரசி ஏறி இறங்கும் உருளைச் சுவரையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒருமுறை நான் இரண்டு மாலைப்பொழுதுகளைச் செலவழித்து ஒரே டேங்குக்கு மூன்று தடவை ஓ-ரிங் மாற்றினேன், துளையின் சீறல் நிற்கவேயில்லை. கடைசியில் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது சுவரில் தலைமயிர் அளவில் நீளவாக்கில் ஒரு கீறல் மின்னியது. முதல் ஓ-ரிங்கை நெம்பி எடுக்கும்போது எனது எஃகு ஊசியே போட்ட கீறல் அது. அன்றிலிருந்து பல் குத்தும் குச்சியால்தான் ஓ-ரிங்கை எடுக்கிறேன். புதியதைப் போடும்முன் ரெகுலேட்டர் தயாரிப்பாளர் சொல்லும் மசகுப் பசையை விரலில் தொட்டு, ஓ-ரிங் பளபளக்கும் அளவுக்கு மட்டும் பூசுங்கள். உருண்டை உருண்டையாக அப்பினால் அந்தப் பசையே தூசியைப் பிடித்து வைக்கும்.

திடலில் 4500 வரை நிரப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது முள் 4000க்குச் சற்றுக் கீழே. சோப்புத் தண்ணீரில் எங்கேயும் குமிழ் இல்லை. காற்று எங்கே போயிற்று?
— வாசகர், பிராம்டன், கனடா

எங்கேயும் போகவில்லை; குளிர்ந்துவிட்டது. வேகமாகக் காற்றை ஏற்றும்போது புட்டிக்குள் வெப்பம் கூடும். 60 பாகை செல்சியஸில் 4500 காட்டிய காற்று, 20 பாகைக்கு ஆறும்போது ஏறத்தாழ 3960 காட்டும். ஓர் அணுவும் வெளியேறத் தேவையில்லை. ஜனவரியில் வீட்டுக்குள் நிரம்பியிருந்த டேங்கைக் காரின் பின்பெட்டியில் இரவு முழுவதும் விட்டு, காலையில் முள் பத்தில் ஒரு பங்கு இறங்கியிருந்தாலும் காரணம் இதே. திடலில் மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள், அல்லது ஆறியபின் மேலே கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். கசிவா, குளிரா என்று தெரிய வேண்டுமானால், ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில் இரவில் ஒரு தடவையும் மறுநாள் இரவில் ஒரு தடவையும் முள்ளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

மார்க்கரில் டேங்கைத் திருகும்போதெல்லாம் பெரிய சீறலோடு காற்று பீய்ச்சியடிக்கிறது. மேல்நுனியில் உள்ள வாஷரை மாற்றினால் ஒரு நாள் நன்றாக இருக்கிறது, அடுத்த முறை கழற்றும்போது கிழிந்து தொங்குகிறது. ரெகுலேட்டர் கெட்டுவிட்டதா?
— வாசகர், கிள்ளான், மலேசியா

ரெகுலேட்டர் நல்லபடியாகத்தான் இருக்கிறது; கழற்றும் முறையில்தான் கோளாறு. மேல்நுனியில் உள்ள அந்த வாஷரின் அளவு எண் 015. உள்விட்டம் 14 மில்லிமீட்டர், தடிப்பு 1.78. நீங்கள் கழற்றும்போது மார்க்கருக்குள் 800 பி.எஸ்.ஐ. காற்று இன்னும் அடைந்துகிடக்கிறது. மரை விலகியதும் அந்தக் காற்று வெளியேறும் வழியில் வாஷரைப் பள்ளத்திலிருந்து பிய்த்துக்கொண்டு பாய்கிறது.

உங்கள் மார்க்கரில் காற்றைத் திறந்து மூடும் குமிழ் இருந்தால், முதலில் அதை மூடிவிட்டு உள்ளே மிஞ்சிய காற்று வெளியேறும்வரை காத்திருந்து கழற்றுங்கள். குமிழ் இல்லாத பழைய மாதிரியானால், டேங்கை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்து, பின் வால்வு மூடிக்கொண்டது என்று தெரிந்ததும் நிறுத்தி, பாதுகாப்பான திசையில் குழலை நீட்டி, குண்டு இல்லாமல் நாலைந்து தடவை சுடுங்கள். சத்தம் அடங்கியபின் மிச்ச மரையைக் கழற்றினால், கை லேசாக இருப்பதிலேயே வித்தியாசம் தெரியும்.

கடையில் கேட்கும்போது கருப்பு நைட்ரைல் வாஷரை வாங்காமல், பாலியூரித்தேன் வாஷராக, கடினத்தன்மை 90 என்று கேட்டு வாங்குங்கள். நைட்ரைலை நகத்தால் கிள்ளினால் தடம் பதியும். பாலியூரித்தேன் நகத்துக்கு மசியாது, அழுத்தத்தில் பிதுங்கிக் கிழியவும் மாட்டாது. ஐந்தாறு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால், திடலில் வாஷர் இல்லாமல் தவிக்கும் ஒருவருக்கு உதவிய புண்ணியமும் சேரும்.

நிறுத்தியிருந்த காரில் டேங்க் திடீரென்று பெரிய சத்தத்தோடு முழுவதும் காலியாகிவிட்டது. பக்கத்தில் உள்ள ஆறுமுக மூடி ஒன்றில் துளை தெரிகிறது. அதற்குள் இருக்கும் தகடு உடைந்துவிட்டது என்றும், செப்புக்காசு ஒன்றை வெட்டி வைத்தால் இனி உடையாது என்றும் நண்பர் சொல்கிறார்.
— வாசகர், ஈப்போ, மலேசியா

அந்த நண்பரின் டேங்க் பக்கம் போகாதீர்கள்.

உடைந்தது பர்ஸ்ட் டிஸ்க். அழுத்தம் எல்லை மீறினால் புட்டி வெடிப்பதற்குப் பதிலாகத் தான் கிழிந்து காற்றை வெளியே விடுவதற்கென்றே வைக்கப்பட்ட மெல்லிய தகடு. அதைப் பிடித்திருக்கும் மூடியில் துளைகள் எதிரெதிர்ப் பக்கங்களில் விடப்பட்டிருப்பதால், காற்று இருபுறமும் சமமாகப் பீய்ச்சும், புட்டி பறக்காது. ரெகுலேட்டரில் இப்படி இரண்டு தகடுகள் உண்டு. புட்டிப் பக்கத்துத் தகடு, 3000 பி.எஸ்.ஐ. டேங்கில் 5000க்கும், 4500 டேங்கில் 7500க்கும் கிழியும். மார்க்கர் பக்கத்துத் தகடு 1800இல் கிழியும். இரண்டில் எது போனது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

காரின் வெயில் மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. 30 பாகையில் 4500 இருந்த காற்று, மூடிய காரில் 65 பாகைக்குச் சூடானாலும் 5000ஐ ஒட்டித்தான் ஏறும். 7500 எங்கே, இது எங்கே! ஆகவே புட்டிப் பக்கத்துத் தகடு போயிருந்தால், அது பல ஆண்டுகள் ஏறி இறங்கும் அழுத்தத்தில் களைத்துப்போன தகடாக இருக்கலாம்; அதே அளவுடைய புதிய தகட்டைப் போட்டால் தீர்ந்தது. மார்க்கர் பக்கத்துத் தகடு போயிருந்தால் கதை வேறு: 850இல் நிற்க வேண்டிய அழுத்தம் 1800ஐ எட்டியிருக்கிறது, அதாவது சீட் காற்றை நிறுத்தவில்லை. அந்த நிலையில் புதுத் தகடு போட்டால் அதுவும் கிழியும். காசை வைத்து அடைத்தால் 4500 பி.எஸ்.ஐ. முழுவதும் மார்க்கருக்குள், உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். சீட்டை மாற்றிவிட்டுத்தான் தகட்டைத் தொட வேண்டும். ஒரு தகட்டை ஒரு தடவைக்கு மேல் பூட்டுவதோ, பாதுகாப்பு கூடும் என்று இரண்டு தகடுகளை அடுக்கிப் பூட்டுவதோ கூடாது.

இடைவேளை எடுத்துவிட்டு வந்து சுடும் முதல் குண்டு மட்டும் மிக வேகமாகப் போகிறது என்று திடல் நடுவர் என்னை வெளியே அனுப்பிவிட்டார். அடுத்தடுத்த குண்டுகள் சரியாக இருக்கின்றன. வெளியே ஒரு கசிவும் இல்லை. இதற்கும் ரெகுலேட்டருக்கும் தொடர்பு உண்டா?
— வாசகர், டொராண்டோ, கனடா

உண்டு. கசிவு உள்ளேயே நடக்கிறது. சீட்டில் வடுப் பட்டிருந்தால் பிஸ்டன் இறங்கி மூடியபின்னும் காற்று மயிரிழையில் ஊர்ந்து மேலறைக்குப் போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் தொடர்ந்து சுடும்போது அந்த மிகுதி செலவாகிவிடுவதால் தெரியாது. இரண்டு நிமிடம் சும்மா இருந்தால் 850 என்பது 900, 1000 என்று ஏறி நிற்கும், முதல் குண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டு போகும். பல திடல்களில் வேக எல்லை விநாடிக்கு 280 முதல் 300 அடிக்குள் வைத்திருக்கிறார்கள். நடுவர் செய்தது சரி.

ஆனால் மார்க்கருக்கும் தனக்கென்று ஒரு சிறு ரெகுலேட்டர் இருப்பது வழக்கம், அதன் சீட்டும் இதே குறும்பைச் செய்யும். நன்றாக இருக்கும் நண்பரின் டேங்கை உங்கள் மார்க்கரில் மாட்டி, இரண்டு நிமிடம் காத்திருந்து முதல் குண்டின் வேகத்தை அளந்து பாருங்கள். வேகம் இயல்பாக இருந்தால் உங்கள் டேங்க் குற்றவாளி. அப்போதும் எகிறினால் டேங்கைக் குறை சொல்லாமல் மார்க்கரைப் பிரித்துப் பாருங்கள். பழுதுபார்ப்பவரிடம் போனால், டேங்கின் வாயில் சோதனைக் கேஜ் ஒன்றை மாட்டி முள் நிற்கிறதா, ஊர்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். முதலில் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டிலும், பத்து நிமிடம் கழித்து எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

அந்த 850 எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். 1981இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், மரங்களிலும் மாடுகளிலும் அடையாளமிடுவதற்கென்று செய்த மார்க்கர்களைக் கொண்டு பன்னிரண்டு பேர் இந்த விளையாட்டைத் தொடங்கியபோது, குண்டை உந்தித் தள்ளியவை 12 கிராம் கரியமிலவாயுக் குப்பிகள். திரவக் கரியமிலவாயு 21 பாகையில் தானாகவே தரும் அழுத்தம் ஏறக்குறைய 850 பி.எஸ்.ஐ. பின்னால் வந்த காற்று டேங்குகள் பழைய மார்க்கர்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் அதே அளவில் நிறுத்தப்பட்டன. இப்போது 450, 300 என்று குறைவாகத் தரும் ரெகுலேட்டர்களும் கிடைக்கின்றன. உங்கள் மார்க்கருக்கு எது வேண்டும் என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் தொழிற்சாலையில் காற்றழுத்தக் கருவிகளைப் பராமரிப்பவன். எங்கள் வால்வுகளுக்கு மெஷின் ஆயில் சில சொட்டு விட்டால் கசிவு நின்றுவிடும். பெங்களூரில் விளையாடும் தம்பி மகனின் டேங்க் நிப்பிளில் அப்படி விடலாமா? எங்கள் கம்ப்ரஸரிலேயே காற்றும் ஏற்றித்தர எண்ணியிருக்கிறேன்.
— வாசகர், கோயம்புத்தூர்

தொழிலறிவு உள்ளவர் என்பதால் காரணத்தோடு சொல்கிறேன். உங்கள் ஆலையில் ஓடும் காற்று 7, 8 பார் (ஒரு பார் ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ.) அழுத்தம் கொண்டது. இங்கே பேசுவது 200 முதல் 310 பார். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாமலேயே எரிபொருள் பற்றுவது, காற்று சட்டென்று அழுத்தப்பட்டுச் சூடாவதால்தானே? நிப்பிளில் நீங்கள் விட்ட எண்ணெய்ச் சொட்டுக்குப் பின்னால் 300 பார் காற்று ஒரே அடியாகப் பாயும்போது அதேதான் நடக்கும், ரெகுலேட்டருக்கு உள்ளே. சீட்டும் வாஷர்களும் கருகுவதோடு நின்றால் அதிர்ஷ்டம். எண்ணெய் கூடாது, தயாரிப்பாளர் சொல்லாத கிரீஸ் கூடாது, பக்கத்து வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்புவது மட்டும் எந்தக் காலத்திலும் கூடவே கூடாது.

உங்கள் கம்ப்ரஸரால் இந்த அழுத்தத்தை எட்டவும் முடியாது. மூச்சுக்காற்றுத் தரத்தில் வடிகட்டி, ஈரத்தையும் எண்ணெயையும் நீக்கி ஏற்றும் உயரழுத்தக் கம்ப்ரஸர்தான் வேண்டும். இன்னொன்று: இந்தியாவில் அழுத்த வாயுச் சிலிண்டர்கள் 2016ஆம் ஆண்டின் வாயுச் சிலிண்டர் விதிகளின் கீழ், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்னும் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அங்கீகாரத்துக்கு உட்பட்டவை. பயணப்பெட்டியில் வெளிநாட்டிலிருந்து வந்த டேங்க் என்றால், கசிவைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த அங்கீகாரத்தைப் பாருங்கள்.

கேஜின் மரையில் கசிவு. டெஃப்லான் டேப் சுற்றலாமா? அப்படியே எல்லா மரைக்கும் சுற்றிவிடலாமா?
— வாசகர், மார்க்கம், கனடா

கேஜுக்குச் சுற்றலாம், மற்றவற்றுக்கு வேண்டாம். கேஜின் மரை நுனி நோக்கி ஒடுங்கும் வகை. மரையோடு மரை இறுகித்தான் காற்றை அடைக்கிறது, ஆகவே டேப்புக்கு வேலை உண்டு. முதல் மரையை வெறுமனே விட்டுவிட்டு இரண்டு சுற்று போதும். நுனிவரை சுற்றினால் பிசிறு உடைந்து உள்ளே போய்ச் சீட்டின் வாயில் உட்கார்ந்துகொள்ளும், ஒரு கசிவை அடைத்து இன்னொன்றை வாங்கியது போலாகும். மேல்மூடியும் கழுத்தும் ஒரே தடிப்புள்ள நேர்மரைகள். அங்கே காற்றை அடைப்பது ஓ-ரிங். அந்த மரையில் டேப்பைச் சுற்றினால் ஓ-ரிங் சரியாக அமராமல் போகும்.

எல்லாம் மாற்றியாயிற்று, கசிவு நின்றுவிட்டது. ஆனால் திடலில் டேங்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிரப்ப மறுக்கிறார்கள். ரசீதைக் காட்டினாலும் கேட்கவில்லை.
— வாசகர், அஜாக்ஸ், கனடா

அவர்கள் பார்ப்பது ரெகுலேட்டரை அல்ல, புட்டியின் உடலில் பொறித்திருக்கும் எழுத்துகளை. அலுமினியப் புட்டியானால் தோளில் டிசி-3ஏஎல்எம் 207 என்பது போன்ற பொறிப்பு இருக்கும். டிசி என்பது கனடாவின் போக்குவரத்துத் துறையைக் குறிக்கும், 207 என்பது பார் கணக்கில் 3000 பி.எஸ்.ஐ. அமெரிக்காவில் வாங்கிய சில புட்டிகளில் டிஓடி என்ற அமெரிக்கக் குறி மட்டும் இருக்கும். கனடாவில் அவற்றை நிரப்ப மறுக்க இதுவே முதல் காரணமாகலாம். இரண்டாவது காரணம் தேதி. பொறித்திருக்கும் மாதமும் ஆண்டும் கடைசியாகத் தண்ணீர் அழுத்தச் சோதனை நடந்த நாள். அலுமினியத்துக்கு 5 ஆண்டுகளுக்கு ஒரு தடவை அந்தச் சோதனை வேண்டும். கார்பன் நார் சுற்றிய புட்டிகளில் இந்த விவரங்கள் பிசினுக்கு அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு 5 ஆண்டு, பழைய சிலவற்றுக்கு 3 ஆண்டு. வழக்கமான நார்ச்சுற்றுப் புட்டிகளுக்கு 15 ஆண்டுகள் ஆனபின் சோதனை கிடையாது, ஆயுளே முடிந்துவிடும். தாளின் மேல் உறையைப் போட்டு மறைத்திருந்தால் கழற்றிக்கொண்டு போங்கள், படிக்க முடியாத தேதியை யாரும் ஏற்க மாட்டார்கள்.

உங்கள் புட்டியின் வயது முடிந்திருந்தால், மாற்றிய பாகங்களுக்குக் கொடுத்த பணம் வீண் என்று வருந்த வேண்டியதில்லை. நல்ல ரெகுலேட்டரைப் பழுதுபார்ப்பவர் புதிய புட்டிக்கு மாற்றித்தருவார், மரையும் அழுத்த அளவும் பொருந்தினால் போதும். 3000 பி.எஸ்.ஐ. புட்டியில் இருந்த ரெகுலேட்டர் 4500 புட்டிக்குப் போகிறது என்றால், அது அந்த அழுத்தத்துக்கு ஏற்றதுதானா என்பதையும், பர்ஸ்ட் டிஸ்க்கையும் கேஜையும் அதற்கேற்ப மாற்றியிருக்கிறாரா என்பதையும் பூட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.